பதினேழாம் இணைப்பு தன்னுடையது என்று சொன்னவருக்கு

காகிதத்தினும் மெல்லிய நாடாவைக் கண்ணினும் மேலாய்க் காத்தவரே! உறைய வைக்கும் குளிரிலும் உறையாத உறுதி கொண்டவரே! சுழலும் சுருள்கள் சோர்வறியாமல் சுழலச் சுற்றித் தந்த சுறுசுறுப்பே! முப்பத்தோர் ஆண்டுகள் எங்களோடு நின்று, எங்களுக்காக நின்று, சில நாள் சிடுசிடுத்து, பல நாள் சிரிக்கவைத்து, இன்று பணி நிறைவு பெறும் முதுநிலைச் சுருள் வினைஞரே! எங்கள் டேப் அக்காவே! வணக்கம்.

மடல் என்றால் உரியவரைப் பார்த்துப் படிப்பதுதான் மரபு. ஆனால் உங்களைப் பார்த்துப் படித்தால், "அட, அப்படியெல்லாம் ஒண்ணுமில்லப்பா, விடு" என்று பாதியிலேயே கையை ஆட்டி நிறுத்திவிடுவீர்கள் என்பது இதை எழுதிய சோதனைக் கூடத்து மீட்டர்காரருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே சற்று நேரம் உங்களை மேடையில் உட்காரவைத்துவிட்டு, வந்திருக்கும் உறவினரையும் விருந்தினரையும் பார்த்து உங்கள் கதையைச் சொல்கிறோம். இதில் பாதி, தேநீர் வேளைகளில் நீங்களே சொன்னது. மீதி, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உங்கள் கணவர், நகரப் பேருந்து ஓட்டுநர், உங்களுக்குத் தெரியாமல் எங்களிடம் சொன்னது. வீட்டுக்குப் போய் அவரை வறுத்தெடுக்க வேண்டாம்.

அவையோரே! மின்னியற்றி என்பது உள்ளே சுழலும் ஒரு பெரிய காந்தம்தான். அது காந்தமாக இருக்க வேண்டுமென்றால் அதன் சுருள்களில் ஓயாமல் மின்சாரம் ஓட வேண்டும். செம்புச் சுருளில் ஓடினால் செம்பு சூடாகும். ஊருக்கு மின்சாரம் கொடுக்கப் பிறந்த எந்திரம் அதில் ஒரு பங்கைத் தன் சூட்டுக்கே தின்றுவிடும். திறன் கூட வேண்டுமென்றால் இன்னும் செம்பு, இன்னும் இரும்பு, இன்னும் எடை. ஒரு கட்டத்துக்கு மேல் அதைத் தூக்கக் கிரேனும் இல்லை, கொண்டுபோகப் பாலமும் இல்லை. மீக்கடத்தி நாடா அப்படியல்ல. சுழியத்துக்குக் கீழே இருநூற்று நாற்பது பாகைக்குக் குளிர்வித்துவிட்டால், அதில் மின்சாரம் தடை என்பதே இல்லாமல் ஓடும். அதே திறனைப் பாதி எடையில் கொடுக்கலாம்.

சொல்வது எளிது. அந்தக் குளிரை, நிமிடத்துக்கு மூவாயிரம் முறை சுற்றுகிற ஒரு பொருளின் வயிற்றுக்குள் வைத்துக் காப்பதுதான் பாடு. குளிர்ந்த ஹீலியம் வாயு சுழலும் அச்சின் வழியாக உள்ளே போய்த் திரும்ப வேண்டும். ஒரு முழம் தள்ளி வெளியே பட்டறையின் வெக்கை. நடுவில் வெற்றிடம் மட்டுமே வேலி. இதைக் கேட்ட நாளிலிருந்தே எங்கள் ஆலை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. செம்புப் பிரிவினர் எங்களை "ஃப்ரிட்ஜ் கட்சி" என்றார்கள். நாங்கள் அவர்களைச் "சொம்புக் கட்சி" என்றோம். உணவுக் கூடத்தில் மேசைகூடத் தனித்தனி.

அக்கா செம்புப் பிரிவில் பத்தாண்டு வேலை செய்துவிட்டு, கேலியைப் பற்றிக் கவலைப்படாமல் ஃப்ரிட்ஜ் கட்சிக்கு வந்த முதல் ஆள். நாடாவை முதன்முதலில் கையில் வாங்கியவர், "இது என்ன, ரவிக்கைக்கு வைக்கிற ஜரிகை மாதிரி இருக்கு" என்றார். ஆனால் அந்த ஜரிகைக்குள் முடியைவிட மெல்லிய ஒரு பீங்கான் படலம் இருக்கிறது. கொஞ்சம் கூடுதலாக வளைத்தால் உடையும். கொஞ்சம் கூடுதலாகச் சூடு காட்டினால் கெடும். எங்கள் சுருளுக்கு நாடா கிலோமீட்டர் கணக்கில் வேண்டும். அது வருவதோ சில நூறு மீட்டர் துண்டுகளாக. எனவே துண்டோடு துண்டை ஒரு விரல் நீளத்துக்கு மேலே வைத்து, ஈயத்தை உருக்கிப் பற்றவைக்க வேண்டும். அதுதான் இணைப்பு. விதி ஒன்றே ஒன்று: ஒரு முறைதான் சூடு காட்டலாம். சரியாக வரவில்லையா, வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும்.

இனி, நாங்கள் கட்டிய முதல் சுழலும் காந்தத்தின், அதாவது முதல் சுழலியின், கதை.

அதில் ஐம்பத்தெட்டு இணைப்புகள். பதினேழாவதை அக்கா போட்டுக்கொண்டிருந்தபோது ஆலையில் மின்சாரம் ஒரு நிமிடம் தொய்ந்தது. சூடாக்கும் இடுக்கி பாதியில் ஆறிவிட்டது. ஈயம் அரைகுறையாய் உறைந்து நின்றது. விதிப்படி வெட்ட வேண்டும். ஆனால் அந்த இடம் சுருளின் அடியில். வெட்டினால் மேலே சுற்றிய இரண்டு அடுக்கையும் பிரிக்க வேண்டும், ஒன்றரை நாள் வேலை. மறுநாள் காலையிலேயே சுருளைப் பசை ஊற்றும் பிரிவுக்கு அனுப்பியாக வேண்டும். மின்சாரம் திரும்பியதும் அக்கா இடுக்கியை மறுபடி அழுத்தினார். இரண்டாவது சூடு. மீட்டரை வைத்து இணைப்பின் தடையைப் பார்த்தார்கள். மற்ற எல்லாவற்றையும்விட அந்த எண் சற்றுக் கூடுதல், ஆனால் வரம்புக்குள்தான். அக்கா எண்ணை இணைப்புத் தாளில் எழுதினார். இரண்டாவது சூட்டை எழுதவில்லை.

திரவ நைட்ரஜன் தொட்டியில் முக்கிச் சோதித்தபோது சுருள் தேறியது. எட்டு மாதம் உழைத்து ஆலையே சேர்ந்து சுழலியைக் கட்டி முடித்தது. சுழற்றினோம். மூன்று நாள் தேர் போல ஓடியது. நான்காம் நாள் முழு வேகத்தில், சுருளில் ஒரு புள்ளியில் குளிர் கலைந்தது. மீக்கடத்தியில் ஒரு புள்ளி சூடேறினால் அங்கே தடை பிறக்கும். தடை பிறந்தால் இன்னும் சூடு, பக்கத்துப் புள்ளிக்கும் சூடு. காப்புக் கருவி கண்ணிமைப்பதற்குள் மின்சாரத்தைத் துண்டித்தது. ஆனாலும் பிரித்துப் பார்த்தபோது, பதினாறாம் இணைப்புக்கும் பதினெட்டுக்கும் நடுவே எல்லாம் கருகி ஒட்டிக் கிடந்தது. எது முதலில் போனது என்று சொல்ல அங்கே எதுவும் மிஞ்சவில்லை.

விசாரணைக் குழு மூன்று வாரம் உட்கார்ந்தது. சுழலும் விசையை நாடாவின் பீங்கான் படலம் தாங்கவில்லை என்பதே முடிவு. அப்படியானால் நாடாவுக்கே இந்த எந்திரத்தில் இடமில்லை. செம்புக்குத் திரும்புவோம் என்று தீர்மானம் தட்டச்சாகிவிட்டது. சுருள் கூடத்தில் அக்காவைத் தவிர நாங்கள் இருபத்திரண்டு பேர். எங்களை எங்கே மாற்றுவது என்ற பட்டியலும் தயார்.

கருகிய சுருளைப் பார்த்த கணத்திலேயே அக்காவுக்குப் பதினேழாவது இணைப்புதான் நினைவுக்கு வந்ததாம். ஆனால் பேசவில்லை. "நம்ம இணைப்பாலதான் போச்சுன்னு யாரால சொல்ல முடியும்? எண் சரியாத்தானே இருந்துச்சு?" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். மூன்று வாரம் அந்த வாதம் தாங்கியது. தீர்மானக் கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை தாங்கவில்லை.

அன்று மாலை ஐந்து மணிக்கு அவர் தன் நிறுத்தத்தில் இறங்காமல், கணவர் ஓட்டும் பேருந்திலேயே கடைசி நிறுத்தம் வரை போனார். எல்லோரும் இறங்கிய பிறகும் ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் ஒருவர் மட்டும் இருப்பதைக் கண்ணாடியில் பார்த்தார் கணவர்.

"என்னம்மா, இறங்காம கடைசி வரைக்கும் வந்துட்டே?"

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எவ்ளோ நேரம் இருக்கு?"

"ஏழு நிமிஷம். சொல்லு."

சொன்னார். கணவர் எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டீயரிங்கில் கைவைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த டேப்பு நல்ல டேப்புதானா?"

"நல்ல டேப்புங்க. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

"அப்போ அது பாவம், வாயில்லாத ஜீவன். நீ பேசலன்னா யாரு பேசுவா?"

"வேலை போயிட்டா?"

"போனா நீ நாள் முழுக்க வீட்ல இருப்பே. எனக்கு அதுதான் கதி கலங்குது."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அதற்குள் ஒரு பயணி படியில் கால் வைத்து, "வண்டி எடுப்பீங்களா?" என்று கேட்டார். "எடுப்போம், ஏறுங்க" என்றார் கணவர். திடமாகத்தான் சொன்னார். ஆனால் திரும்பி வரும்போது இரண்டு நிறுத்தங்களில் நிற்காமலே வந்துவிட்டதாகப் போன வாரம் எங்களிடம் ஒப்புக்கொண்டார். போக்குவரத்து அதிகாரிகள் யாரும் இந்த அவையில் இல்லை என்று நம்புகிறோம்.

மறுநாள் கூட்டம். ஆலை மேலாளர், வடிவமைப்புப் பொறியாளர்கள், செம்புப் பிரிவுத் தலைவர், எண்களைப் படித்துக் காட்ட மீட்டர்காரர். சுருள் சுற்றிய முறையைப் பற்றி ஏதாவது கேட்டால் சொல்வதற்காக அக்காவைச் சுவரோரம் உட்காரவைத்திருந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. மேலாளர் பேனாவைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம் சார்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"பதினேழாவது இணைப்பு நான் போட்டது. நடுவுல கரண்ட் போச்சு. ரெண்டாவது தடவை சூடு காட்டினேன். வெட்டியிருக்கணும், வெட்டல. எழுதியிருக்கணும், எழுதல."

மேலாளரின் முகம் சிவந்தது.

"எட்டு மாசம். மொத்த ஆலையோட எட்டு மாச உழைப்பும்மா."

"தெரியும் சார்."

"அதனாலதான் எரிஞ்சதுன்னு உங்களால சொல்ல முடியுமா?"

"முடியாது சார். எனக்குத் தெரியாது. ஆனா ரெண்டு தடவை சூடு காட்டினது மட்டும் நல்லாத் தெரியும். அதைச் சோதிச்சுப் பாக்காம டேப்பு மேல பழி போடாதீங்க."

இந்த இடத்தில் பேசியவர், யாரும் எதிர்பாராதவர். நாடா தோற்றால் எந்திரம் யார் கைக்குத் திரும்புமோ, அந்தச் செம்புப் பிரிவுத் தலைவர். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார்.

"சார், இந்தப் பேப்பர்ல இப்போ கையெழுத்து வேண்டாம். நான் காப்பர்க்காரன்தான். ஆனா இப்படிக் கிடைக்கிற ஜெயம் எனக்கு வேணாம். பத்துப் பத்தா போட்டுச் சுத்திப் பாத்துடலாம்."

அப்படியே செய்தோம். ஒரே சூட்டில் பத்து இணைப்பு, இரண்டு சூட்டில் பத்து இணைப்பு. குளிர்வித்து, முழு வேகத்தில் சுழற்றி, நிறுத்தி, மறுபடி குளிர்வித்து, மறுபடி சுழற்றினோம். ஒரு சூட்டுப் பத்தும் சேதமில்லாமல் வந்தன. இரண்டு சூட்டுப் பத்தில் நான்கு உரிந்து வந்தன. அந்த நான்கும் சுழற்றுவதற்கு முன் வரம்புக்குள்ளேதான் எண் காட்டியிருந்தன. நாடாவின் மேலிருந்த பழி நீங்கியது. தீர்மானம் கிழிக்கப்பட்டது. இருபத்திரண்டு பேரும் இருந்த இடத்திலேயே இருந்தோம்.

அக்கா மட்டும் இல்லை. எழுத்து மூலம் எச்சரிக்கை. ஓராண்டு சுருள் மேசையைத் தொடக்கூடாது. மேலாளர் செய்தது சரி என்றுதான் அக்கா இன்றும் சொல்வார். ஆனால் வலிக்காமல் இருக்குமா? முதல் வாரம் முழுக்கப் பின்வாசல் வழியாகத்தான் வந்தார். அவருக்குப் பக்கத்து மேசையில் ஒன்பது ஆண்டு உட்கார்ந்த தோழி, "உன்னால நம்ம எல்லார் கைக்கும் கெட்ட பேரு" என்று சொல்லிவிட்டு, இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தத் தோழியும் இந்த மடலில் கையொப்பமிட்டிருக்கிறார். இந்த வரியை எடுக்கக்கூடாது என்று வற்புறுத்தியவரும் அவரே.

அக்காவைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். வேலை, பிறர் போட்ட இணைப்புகளை இழுத்துப் பிய்ப்பது. "கையால கட்டிக்கிட்டிருந்தவளை உடைக்கச் சொல்லிட்டாங்க" என்று முதல் நாள் மீட்டர்காரரிடம் சொன்னவர், இரண்டாம் நாளிலிருந்து உடைப்பதிலேயே மூழ்கிப்போனார். ஓராண்டில் நானூற்றுப் பன்னிரண்டு இணைப்புகளைப் பிய்த்தார். ஒவ்வொன்றின் பிளவையும் உருப்பெருக்கியில் பார்த்தார். ஈயம் உறைந்ததும் இடுக்கியை எடுத்துவிடும் எங்கள் பழக்கமே தவறு என்று கண்டுபிடித்தார்; கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறும் வரை அழுத்தம் இருக்க வேண்டும். ஆலையில் மின்சாரம் தொய்ந்தாலும் இடுக்கி ஆறாதிருக்க அதற்குத் தனியாக ஒரு பேட்டரி வைக்கச் சொன்னார். வைத்தார்கள்.

மூன்றாவதாக அவர் கேட்டதுதான் பெரிது. ஒவ்வொரு இணைப்புத் தாளிலும், "எத்தனை முறை சூடு?" என்று ஒரு கட்டம் வேண்டும், அதில் இரண்டு என்று எழுதுகிறவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது, பிரித்துப் போட நாள் கொடுக்க வேண்டும் என்றார்.

"அப்புறம் எல்லாரும் ரெண்டு ரெண்டுன்னு எழுதி நாள் கேப்பாங்கம்மா" என்றார் மேலாளர்.

"கேக்கட்டும் சார். திட்டுவீங்கன்னு பயந்துதான் நான் எழுதல. நாள் போனா பரவாயில்ல, மிஷின் போகக்கூடாது."

மேலாளர் ஒரு வாரம் யோசித்துச் சம்மதித்தார். சம்மதித்தாரே தவிர, நாங்கள் நம்பவில்லை. கட்டம் மூன்று மாதம் வெறும் "ஒன்று, ஒன்று" என்றே நிரம்பியது. பிறகு ஒரு நாள் அந்தப் பழைய தோழியே "இரண்டு" என்று எழுதினார். செய்தி காட்டுத்தீயாய்ப் பரவியது. மேலாளர் வந்தார். தாளைப் பார்த்தார், சுருளைப் பார்த்தார். "பிரிங்க. ரெண்டு நாள் எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். அன்று மதியம் அந்தத் தோழி சோதனைக் கூடத்துக்கு நடந்து போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். என்ன பேசினார்கள் என்று இருவரும் சொல்ல மறுக்கிறார்கள்.

ஓராண்டு முடிந்ததும் அக்கா சுருள் மேசைக்குத் திரும்பினார். இரண்டாம் சுழலியில் ஏழு இணைப்புகளைப் பிரித்துப் போட்டோம். அவற்றில் இரண்டு அக்காவுடையவை. சுழலி தயாரானது. நான்கு நாள் ஓடியது, நாற்பது நாள் ஓடியது. கடைசிச் சோதனை மட்டும் மிச்சம். முழு மின்னழுத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தின் முனைகளை வேண்டுமென்றே ஒரே கணத்தில் குறுக்கிணைக்க வேண்டும். ஓடும் குதிரையின் காலைத் தட்டிவிடுவது போல. எந்திரத்தின் எலும்பெல்லாம் அதிரும். குளிர் கலைந்தால் போச்சு. கலையாவிட்டால் அது மின்நிலையத்துக்குப் போகலாம்.

அன்று காலை ஆலையே கட்டுப்பாட்டு அறையின் கண்ணாடிக்குப் பின்னால் நெருக்கியடித்து நின்றது. செம்புப் பிரிவுத் தலைவர் முதல் வரிசையில். மேலாளர் அக்காவைத் தேடி ஆள் அனுப்பினார். வந்த பதில்: "ஓடும்னு சொல்லுங்க. அடுத்த மிஷினுக்கு நாள் ஆகுது, எனக்கு வேலை இருக்கு."

குறுக்கிணைத்தோம். தரை உதறியது. மீட்டரின் முள் துள்ளியது, தாழ்ந்தது, பழைய இடத்துக்கு வந்து அசையாமல் நின்றது. சுருளின் குளிர் ஒரு பாகைகூடக் கலையவில்லை. இந்த மடலை எழுதிய மீட்டர்காரர், ஐம்பது வயதில், முற்றத்தைக் கடந்து சுருள் கூடத்துக்கு ஓடினார். வாசலில் நின்று, "நின்னுடுச்சு! நின்னுடுச்சு!" என்று கத்தினார். தாங்கி நின்றுவிட்டது என்பது அவர் சொல்ல வந்தது. கூடத்தில் இருந்தவர்களுக்கோ எந்திரம் ஓட்டம் நின்றுபோனது என்றுதான் காதில் விழுந்தது. தோழி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அக்கா தலையைத் தூக்கவே இல்லை. அவர் கையில் இடுக்கி இருந்தது, இணைப்பு ஆறிக்கொண்டிருந்தது.

"சத்தம் போடாதே. இது ஆறட்டும்."

பின்னாலேயே ஓடிவந்த கூட்டமும் வாசலிலேயே நின்றது. மேலாளர் உட்பட நாற்பது பேர் ஓர் ஈயத் துளி ஆறுவதற்காகக் காத்துக்கிடந்தோம். இடுக்கியை எடுத்து, விரலால் தொட்டுப் பார்த்து, தாளில் "ஒன்று" என்று எழுதிவிட்டு அக்கா நிமிர்ந்தார்.

"இப்போ சொல்லு. எது நின்னுச்சு? மிஷினா, உன் மூச்சா?"

அன்று நாங்கள் சிரித்த சிரிப்பு வெகுநேரம் அடங்கவில்லை. அந்த எந்திரம் இன்று ஆறாவது ஆண்டாக ஒரு மின்நிலையத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அன்று அக்கா இணைப்புப் போட்டுக்கொண்டிருந்த இரண்டாவது எந்திரமும் அதன் பக்கத்திலேயே ஓடுகிறது. உணவுக் கூடத்தில் இப்போது மேசைகள் ஒன்றாகிவிட்டன.

அக்கா, இனி உங்களைப் பார்த்தே பேசுகிறோம்.

பிழை செய்யாதவர் என்று உங்களைப் புகழ மாட்டோம்; புகழ்ந்தால் நீங்களே எழுந்து மறுப்பீர்கள். பிழையை மறைத்தால் பிழைக்கலாம் என்றிருந்த வேளையில் வாய் திறந்து, ஒரு நாடாவின் மானத்தையும் இருபத்திரண்டு பேரின் வேலையையும் காப்பாற்றியவர் என்று புகழ்வோம். கைத்திறனால் எங்களைக் கவர்ந்தீர்கள்; கட்டளையிடாமல் எங்களைத் திருத்தினீர்கள்; தண்டனைக் காலத்தையும் கண்டுபிடிப்புக் காலமாக்கினீர்கள்! குனிந்தே வேலை செய்த கழுத்து இனி வலியின்றி நிமிரட்டும். கண்ணாடி வழியே பார்த்த கண்கள் இனிப் பேருந்தின் சன்னல் வழியே ஊர் பார்க்கட்டும். செவிலியராக இருக்கும் மகளின் பேச்சை, மருந்து விஷயத்திலாவது, நீங்கள் கேட்டு நடக்க வேண்டும். நோயின்றி, மனக்குறையின்றி, நெடுங்காலம் வாழுங்கள்!

மூன்றாவது எந்திரத்தின் முதல் இணைப்பை நாளை காலை எட்டு மணிக்குப் போடுகிறோம். நீங்கள் வர வேண்டாம் அக்கா. நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

என்றும் உங்கள் அன்பில்,
சுருள் கூடத்தார் இருபத்திரண்டு பேர்,
சோதனைக் கூடத்தார்,
செம்புப் பிரிவினர் அனைவரும்,
ஆலை மேலாளர்.